நடுத்தெருவில் ஒரு பால், பூட்டிய அறையில் ஒரு பால்

ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு வேலையெல்லாம் முடித்து அப்போதுதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சியில் ‘ரோஜா’ ஓடுகிறது. “இந்த அரவிந்த்சாமி என்ன அழகுல்ல!” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான். கணவர் ரிமோட்டைத் தேடுவார். கல்லூரியில் படிக்கும் மகன் “அம்மா, ப்ளீஸ்மா” என்று நெளிவான். மாமியார் சுவரைப் பார்த்து, “பேரன் பேத்தி எடுக்கிற வயசுல பேசுற பேச்சைப் பாரு” என்பார். ஆனால் 2018 பிப்ரவரியில் ஸ்ரீதேவி இறந்த செய்தி வந்தபோது அதே கணவர் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்திருப்பார். அதற்குப் பெயர் ரசனை. மனைவிதான் ரசம் சாதம் பிசைந்து கொடுத்துத் தேற்றியிருப்பாள்.

‘ரோஜா’ 1992-ல் வந்தது. ‘அலைபாயுதே’ 2000-ல் வந்தது. இரண்டு தலைமுறைப் பெண்கள் அரவிந்த்சாமியையும் மாதவனையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு என்ன அநியாயம் செய்தார்கள்? கட்அவுட் வைத்தார்களா? பேருந்தை மறித்தார்களா? வார இதழிலிருந்து படத்தைக் கத்தரித்து, பிரவுன் அட்டை போட்ட நோட்டுக்குள் ஒளித்துவைத்தார்கள். அப்புறம் பெரியவர்கள் கைகாட்டிய பையனுக்குக் கழுத்தை நீட்டினார்கள். அதற்கே ஆண்குலம் புண்பட்டுப்போய், “மனசுல பெரிய அரவிந்த்சாமின்னு நெனப்பு” என்று இன்றுவரை ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறது.

ஆண்கள் நோட்டுக்குள் ஒளித்துவைக்கிற ஜாதி இல்லை. 1990-களில் திருச்சிப் பக்கம் குஷ்புவுக்குக் கோயிலே கட்டினார்கள். கட்டியவர்களை யாரும் அடக்கம் இல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. சாமிக்கு வாய் இல்லாதவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2005 செப்டம்பரில் ‘இந்தியா டுடே’ தமிழ்ப் பதிப்புக்குக் கொடுத்த பேட்டியில் சாமி வாயைத் திறந்தது. மணமகள் கன்னியாக இருக்க வேண்டும் என்று படித்த ஆண் எதிர்பார்க்கக் கூடாது, பெண்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டது. உடனே செருப்பும் துடைப்பமும் ஊர்வலம் வந்தன. நீதிமன்றத்துக்கு வந்தவர்மீது அழுகிய முட்டை விழுந்தது. தமிழ்ப் பெண்களின் மானத்தைக் காப்பாற்ற 23 குற்றவழக்குகள் பாய்ந்தன. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளுபடி செய்ய ஐந்து ஆண்டு ஆயிற்று. இந்த ஐந்து ஆண்டில் எந்தத் தமிழ்ப் பெண்ணிடமாவது, “அம்மா, உன் மானம் போய்விட்டதா?” என்று ஒருவராவது கேட்டாரா? பொருள் தொலைந்தவர் புகார் கொடுக்கவில்லை, ஊரே தேடிக்கொண்டிருந்தது.

பெண் பக்கம் கதை வேறு. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த எட்டாம் வகுப்புச் சிறுமிகள் மூன்று பேர், பிடிஎஸ் பாட்டுக் குழுவைப் பார்க்கக் கொரியாவுக்குக் கிளம்பினார்கள். கையில் இருந்தது 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுவதாகத் திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். நல்லவேளை, ஆபத்து எதுவும் நேரவில்லை. நேர்ந்தது அறிவுரைதான். கைப்பேசி கெடுத்துவிட்டது, வளர்ப்பு சரியில்லை, தாய் என்ன செய்துகொண்டிருந்தாள், கலாச்சாரம் என்ன ஆயிற்று என்று நாடே கவலைப்பட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை மீட்டுப் பேசிப் புரியவைக்க வேண்டியதுதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு முந்தின ஆண்டு ஜனவரியில், சென்னைக் கோயம்பேட்டில் அஜித் படம் வெளியான நள்ளிரவில், ஓடும் லாரிமேல் ஏறி ஆடி விழுந்து ஒரு பத்தொன்பது வயதுப் பையன் செத்தான். அவனுக்கு முன்னும் பின்னும் லட்சம் பேர் ஆடினார்கள், ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவனையாவது உட்காரவைத்து ஆலோசனை சொல்ல இந்த நாட்டில் ஓர் அறை இருக்கிறதா? பெற்ற தாயை விட்டுவிடுங்கள், அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்க ஒரு வாய் இருக்கிறதா?

அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்விக்குத்தான் வருகிறேன்.

2016 ஜூலை 22 அன்று ‘கபாலி’ வெளியானது. சென்னையில் சில நிறுவனங்கள் அன்று விடுமுறை அறிவித்தன. ஊழியர்களுக்கு இலவச டிக்கெட்டும் கொடுத்தன. 2023 ஆகஸ்ட் 10 அன்று ‘ஜெயிலர்’ வந்தபோதும் இதேதான். ரஜினி படம் வந்தால் விடுப்புக் கடிதங்கள் மலைபோல் குவியும், மனிதவளத் துறை திணறும், அதைவிட விடுமுறையே விட்டுவிடலாம் என்று சுற்றறிக்கை விளக்கம் சொன்னது. எவ்வளவு இரக்கமுள்ள நிர்வாகம்! அதைப் படித்துவிட்டு நெகிழ்ந்துபோன பெண்களில் நானும் ஒருத்தி. ஊழியரின் உணர்ச்சி என்று ஒன்று இருப்பது முதலாளிகளுக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனால் அதே ஊழியருக்குக் குழந்தை பிறந்தால்? விடுப்புக் கடிதம் குவியாது. ஏனென்றால் அவன் எழுத மாட்டான். எழுதினாலும் தருவதற்குச் சட்டம் இல்லை.

மத்திய அரசில் வேலைபார்க்கும் ஆணுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. அது 1990-களின் இறுதியில் வந்தது. தனியார் துறை ஆணுக்குச் சட்டப்படி ஒருநாள்கூடக் கிடையாது. 2017-ல் ராஜீவ் சாதவ் என்ற மக்களவை உறுப்பினர் தந்தைமைப் பலன் மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். நம் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாக்களுக்கு என்ன கதி நேருமோ அதுவே இதற்கும் நேர்ந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அப்பாவைக் காணவில்லை. அதற்கு முந்தைய காலத்தில், 2016-ல், பெண்கள் குழந்தைகள் நலத் துறையின் அமைச்சராக இருந்த மேனகா காந்தி ஒரு பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்திருந்தார். ஆணுக்கு விடுப்புக் கொடுத்தால் அது வெறும் விடுமுறையாகிவிடும், அவர் ஒன்றும் செய்ய மாட்டார் என்றார் அவர். ஆண்களை இவ்வளவு கேவலமாகப் பேசிய அமைச்சர்மீது எத்தனை வழக்குப் பாய்ந்தது? செருப்பு ஊர்வலம் எந்தத் தெருவில் போனது? சத்தமே இல்லை. ஒருவருக்கும் வலிக்கவில்லை. தங்கள் மானத்தைவிடத் தூக்கம் பெரிது என்று தெரிந்த சமூகம்.

விடுப்புக் கேட்கிற ஆணும் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார். அவர் பாடு என்னவென்றும் பார்த்துவிடுவோம். தென்காசி மாவட்டத்தில் ஒரு காவல் ஆய்வாளர், மனைவியின் பிரசவத்துக்காக 2023 மே மாதத்திலிருந்து 90 நாள் விடுப்புக் கேட்டார். முதலில் கொடுத்தார்கள். பிறகு சட்டம் ஒழுங்கைக் காரணம்காட்டி ரத்து செய்தார்கள். நீதிமன்றம் போனபின் 30 நாள் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் குழந்தை பிறந்தது. அவர் பணிக்குத் திரும்பவில்லை என்று, வேலையை விட்டு ஓடிப்போனவர் என்று அவர்மீது உத்தரவு போட்டார்கள்! மனைவி பிரசவ வார்டில் படுத்திருக்கையில் பக்கத்தில் நின்றவர் ஓடிப்போனவர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த உத்தரவை ரத்து செய்து, தந்தைமை விடுப்புக்கென்று ஒரு சட்டம் தேவைப்படுகிறது என்று சொன்னது. அந்த வாரம் எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் கலாச்சாரம் அழிந்ததாக யாரும் கதறவில்லை. அப்பா பக்கத்தில் இருப்பதும் இல்லாததும் நம் கலாச்சாரத்தில் வராது போலும்.

கிரிக்கெட்டையும் விடுவானேன். 2020 டிசம்பரில் அடிலெய்ட் டெஸ்டில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டது. அணித் தலைவர் விராட் கோலி, முதல் குழந்தை பிறக்கப்போகிறது என்று முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தபடி ஊர் திரும்பினார். தேசக் கடமையை விட்டுவிட்டுப் பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகிறார் என்று சாய்வு நாற்காலி தேசபக்தர்கள் பொங்கினார்கள். 2015-ல் மகள் பிறந்தபோது தோனி ஆஸ்திரேலியாவிலேயே இருந்துவிட்டதை எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சிலிர்த்தார்கள். இன்னொரு பக்கம் அதே பயணத்தில் நம் சேலம் சின்னப்பம்பட்டியின் நடராஜன். ஐபிஎல் ஆட நவம்பரில் துபாய்ப் பக்கம் இருந்தபோதே அவருக்கு மகள் பிறந்துவிட்டாள். அங்கிருந்து நேராக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். முதலில் வலைப் பந்துவீச்சாளர், பிறகு மூன்று வடிவத்திலும் அறிமுகம். மகளை முதலில் பார்த்தது ஜனவரியில். தலைவருக்கு ஒரு நியாயம், வலைப் பந்துவீச்சாளருக்கு ஒரு நியாயமா என்று கவாஸ்கர்கூட எழுதினார். ஊர் என்ன செய்தது? சாரட் வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டது. சாதனை பெரிது, மகிழ்ந்தேன், நானும் கைதட்டினேன். அந்த இரண்டரை மாதமும் பச்சை உடம்போடு குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு எந்த வண்டி வந்தது?

நம் ஊரில் தந்தைமை விடுப்புக்கு ஏன் கோரிக்கையே எழவில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? அதைத் தமிழர்கள் எப்போதோ கண்டுபிடித்து வைத்துவிட்டார்கள். அதன் பெயர் தாய்வீடு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடக்கும். கை நிறைய வளையல் போட்டு, கலந்த சாதம் ஊட்டி, ஆரத்தி எடுத்து, பெண்ணை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிரசவச் செலவு அவர்களுடையது. பத்தியச் சமையல், பிரசவ லேகியம், வெந்தயக்களி, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, சாம்பிராணிப் புகை, ராத்திரி மூன்று மணிக்கு ஈரத் துணி மாற்றுவது எல்லாம் அந்த வீட்டுப் பாட்டியின் தலையில். பாட்டிக்கு முழங்கால் வலி. பாட்டி சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தால் அவருக்குச் சம்பளமும் போகும். பேரன் பிறந்தால் பாட்டிக்கு எந்தச் சட்டம் விடுப்புத் தரும்?

அப்பா வாரக் கடைசியில் வருவார். கையில் ஆரஞ்சும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருக்கும். “மாப்பிள்ளை வந்திருக்காரு” என்று வீடு பரபரக்கும், கோழி அடிப்பார்கள். பிரசவம் பார்க்கிற வீட்டில் இன்னொரு ஆளுக்கு விருந்து. குழந்தை அழுதால், “பசிக்குது போல, அம்மாகிட்ட குடு” என்று கைமாற்றி விடுவார். ஞாயிறு மாலை பேருந்து ஏறி, திங்கட்கிழமை அலுவலகத்தில் இனிப்புக் கொடுத்து, “ராத்திரி எல்லாம் தூக்கமே இல்லை சார்” என்பார். ஐந்தாம் மாதம் மனைவி திரும்பும்போது குழந்தைக்குத் தலை நின்றிருக்கும். அப்பாவுக்குத்தான் இன்னும் கை நிற்காது. தேசத்தின் தந்தைமை விடுப்பை ஐம்பத்தைந்து வயது மாமியார்கள் சம்பளம் இல்லாமல் அனுபவித்துக்கொண்டிருக்கும்போது, அரசாங்கம் எதற்கு அலட்டிக்கொள்ளப் போகிறது?

பெண்ணுக்குத்தான் 26 வாரம் கொடுத்தாயிற்றே என்பார்கள். கொடுத்தார்கள், 2017-ல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடத்தில், முதல் இரண்டு குழந்தைக்கு. ஆனால் அந்த 26 வாரச் சம்பளம் முழுவதையும் முதலாளியே தர வேண்டும் என்று எழுதி, ஆணுக்கு ஒன்றும் எழுதாமல் விட்டார்கள். விளைவு தெரிந்ததுதான். நேர்முகத் தேர்வில் பெண்ணிடம், “கல்யாணம் ஆயிடுச்சா? விசேஷம் ஏதாவது?” என்று கேட்கிறார்கள். ஆணிடம் யாரும் விசேஷம் கேட்பதில்லை. இந்த நாட்டில் குழந்தைகள் பெண்களுக்கு மட்டுமே பிறக்கின்றன என்பது சட்டத்தின் முடிவு. துணிக்கடையில் நாள்முழுக்க நிற்கிற பெண்ணுக்கு, கர்ப்பிணியோ இல்லையோ, உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-ல்தான். நாற்காலிக்கே அவ்வளவு நாள் ஆன இடம் இது.

அரசு வேலையிலும் பாருங்கள். தமிழ்நாடு அரசு 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேறு விடுப்புத் தருகிறது. பாராட்ட வேண்டியதுதான், நாட்டிலேயே பெரிய விடுப்புகளில் ஒன்று. ஆனால் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்து அந்தத் திருமணத்தில் முதல் குழந்தை பெற்றபோது, இது உனக்கு மூன்றாவது குழந்தை என்று எண்ணிப் பார்த்து விடுப்பை மறுத்தார்கள். முதல் இரண்டு குழந்தைகளும் முன்னாள் கணவரிடம் வளர்ந்தன. வயிற்றுக் கணக்கில் பிசகு வரக் கூடாதல்லவா? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அவர் வென்றார்.

எண்ணுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். நயன்தாராவுக்கு 2022 ஜூனில் திருமணம், அக்டோபரில் வாடகைத்தாய் மூலம் இரட்டைக் குழந்தைகள். அன்று தமிழ்நாட்டுத் தெருவில் விரல்விட்டு எண்ணாத ஆண் உண்டா? நான்கு மாதம்தானே, நான்கு மாதம்தானே என்று ஒரே கணக்கு. அரசு விசாரணைக் குழு போட்டது. விதிமீறல் இல்லை என்று அதே மாதம் அறிக்கை வந்தது. நேற்றுவரை திரையைப் பார்த்து விசிலடித்தவர்கள் அதுவரை அவர் கருப்பையின் நாட்காட்டியைக் கையில் வைத்திருந்தார்கள். சொந்தக் குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி எப்போது, பத்தாவது வாரத்தது எப்போது என்று கேட்டால், “அதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்” என்பார்கள்.

இத்தனைக்கும் மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்திவிட வேண்டும். உவமை என்று நினைக்காதீர்கள். 2019-ல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவு, பெண்கள் சேலை, சல்வார் கமீஸ், அல்லது துப்பட்டாவோடு சுடிதார் அணியலாம், நிறம் கண்ணை உறுத்தக் கூடாது என்றது. கோப்புகள் தேங்கிக் கிடப்பது கண்ணை உறுத்துவதில்லை. 2014 காந்தி ஜெயந்தி அன்று திருவனந்தபுரத்தில், பெண்கள் ஜீன்ஸ் போட்டுப் பிறருக்குத் தொல்லை தரக் கூடாது என்று பேசினார் யேசுதாஸ். அவர் குரலைக் கேட்டு மயங்கிய நம் அம்மாக்கள், உங்கள் குரல் எங்களுக்குத் தொல்லையாக இருக்கிறது, வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆந்திராவின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் தோக்கலப்பள்ளி என்ற ஊரின் பெரியவர்கள் 2018-ல் இன்னும் ஒருபடி போய், காலை ஏழு மணி முதல் இரவு ஏழு மணி வரை பெண்கள் நைட்டி அணிந்தால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு என்றார்கள். தமிழ்நாட்டில் அபராதம் எதற்கு? நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் பால்காரருக்குக் கதவைத் திறக்கிறோம். பால்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார்.

பால் என்றதும் நினைவுக்கு வருகிறது. நடிகரின் நாற்பது அடிக் கட்அவுட்டின் தலையில் குடம் குடமாக ஊற்றுகிற பால் நடுத்தெருவில் ஓடும். மேலே சட்டையில்லாமல் நிற்கிற பையன்களைக் கண்டு எவர் அடக்கமும் குலைவதில்லை. அம்மாவின் பாலுக்கு மட்டும் நான்கு சுவர் வேண்டும். 2015-ல் ஜெயலலிதா ஆட்சியில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 300-க்கும் மேற்பட்ட தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். இன்று அவற்றில் பலவற்றின் கதவைத் தட்டிப் பாருங்கள். பூட்டுத் தொங்கும், அல்லது உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும் இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குழந்தை வீறிட்டு அழும். பெஞ்சில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஊட்ட ஆரம்பித்தால், எதிர் பெஞ்சில் இருப்பவர் செய்தித்தாளைச் சற்றே இறக்கிவைப்பார். அடக்கம் யாருக்குச் சொல்லித் தர வேண்டியது என்று அப்போது தெரியும்.

தம்பிகளே, அண்ணன்களே, உங்களிடம் கோபமாகவே ஒன்று கேட்டுவிட்டு முடிக்கிறேன். உங்களுக்கு எந்த நடிகையைப் பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரியும், நாங்கள் கண்டுகொள்வதில்லை. எங்களுக்கு யாரைப் பிடிக்கிறது என்று நீங்களும் கண்டுகொள்ளாதீர்கள். எங்கள் துப்பட்டாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. அடுத்த குழந்தை பிறக்கும்போது அலுவலகத்தில் பதினைந்து நாள் எழுதிக் கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். போனஸ் கேட்கிற சங்கக் கூட்டத்தில் இதையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் டாஸ்மாக் பற்றிக் கேட்டு முடித்ததும் இதையும் கேளுங்கள். கிடைத்தால் அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் இருங்கள், ஈரத் துணியை மாற்றுங்கள், ராத்திரி மூன்று மணிக்கு எழுந்திருங்கள். ஆண்கள் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று அந்த அமைச்சர் சொன்னது பொய் என்று காட்ட வேண்டியது உங்கள் வேலை. அதையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள்.